சுருதி சேர்க்கத் தெரியாத மேதை

சென்ற பொங்கல் விழாவில் நடந்ததை நண்பர்கள் மறந்திருந்தால் நான் பாக்கியசாலி. மறக்காதவர்கள் சிலராவது இருப்பார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். புல்வெளியில் மேடை போட்டிருந்தோம். வடநாட்டுத் தை மாதக் குளிர் எப்படிப்பட்டது என்பது விடுதிவாசிகளுக்குத் தெரியும். மேடையில் நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் வீணையுடன் அமர்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மின்சாரக் கிதாருடன் நான். வீணையும் கிதாரும் சேர்ந்திசைக்கும் புதுமை நிகழ்ச்சி என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். புதுமையில் குறைவில்லை; சேர்வதுதான் நடக்கவில்லை.

அறையில் அரை மணி நேரம் பாடுபட்டுச் சுருதி சேர்த்த கிதார், மேடையேறிய ஐந்தாவது நிமிஷத்தில் என்னைக் கைவிட்டது. மெல்லிய தந்திகள் மேலே ஏறிக்கொண்டன. நான் பிருடையைத் திருகினேன். அவை கீழே இறங்கிவிட்டன. மறுபடி திருகினால் ஒரு சிறு ‘டிக்’ ஓசையுடன் தேவைக்கு மேல் தாவின. முன்வரிசையில் இருந்த முதலாண்டு மாணவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டதை இந்தக் கண்களால் பார்த்தேன். செயலாளர் நல்லவர். பலகுரல் நண்பரை மேடைக்கு அனுப்பி என் மானத்தைக் காப்பாற்றினார்.

மறுவாரம் கூடிய செயற்குழுவில், அந்தக் கிதாரை விற்றுவிடுவது என்று பேச்சு எழுந்தது. அது என் சொந்தச் சொத்தன்று. முன்னாள் மாணவர்கள் சிலர் சந்தா திரட்டிச் சங்கத்துக்கு வாங்கி வைத்துவிட்டுப் போனது. அவர்கள் அன்பாகத் தந்ததை என் கையால் விற்கும்படி ஆகிறதே என்று துக்கம் தொண்டையை அடைத்தது. ஒரு மாதத் தவணை கேட்டேன், கொடுத்தார்கள். குற்றமெல்லாம் பிருடைகளுடையது, அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு விலையுயர்ந்த ஆறு பிருடைகளை மாட்டிவிட்டால் தீர்ந்தது என்பது என் திடமான நம்பிக்கை. மாலைத் தேநீரை நிறுத்திக் காசு சேர்க்கவும் தொடங்கினேன். எந்தப் பிருடை சிறந்தது என்று தேடிப் படிக்கப் போன இடத்தில்தான் லியோ ஃபெண்டர் என்ற மனிதரின் வாழ்க்கை எனக்கு எதிர்ப்பட்டது. உலகத்தின் மின்சாரக் கிதார்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் அவருடைய சாயலைக் கொண்டவை என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. அந்த மனிதருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. அதைவிட வியப்பு, கிதாருக்குச் சுருதி சேர்க்கவும் தெரியாது!

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலை எழுத்தில் சொல்ல முடியாது. ஆனால் மேலும் படிக்கப் படிக்க, அது ஆறுதலுக்கான செய்தி அல்ல, பாடத்துக்கான செய்தி என்று புரிந்தது.

ஆரஞ்சுத் தோட்டத்துச் சிறுவன்

கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனஹைம், ஃபுல்லர்டன் என்னும் இரு ஊர்களை ஒட்டிய ஆரஞ்சுத் தோட்டத்தில் பிறந்தார். பெற்றோர் குடியானவர்கள். எட்டு வயதில் இடது கண்ணில் கட்டி ஏற்பட்டு அந்தக் கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. அன்று முதல் கடைசி நாள் வரை ஒரு கண்ணாடிக் கண்ணுடனே அவர் வாழ்ந்தார். இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்கு அவர் எடுக்கப்படாததற்கும் அதுவே காரணம்.

பதினான்கு வயதில் மாமா ஒருவர், தம் மோட்டார் மின்சாரக் கடையில் கழித்துப்போட்ட ரேடியோ உறுப்புகளை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பினார். அடுத்த ஆண்டு சாண்டா மரியாவில் இருந்த அந்தக் கடைக்குப் பையன் போனபோது, மாமா தாமே செய்த ரேடியோ ஒன்று கடை வாசலில் பெருங்குரலில் பாடிக்கொண்டிருந்தது. அந்த ஓசை பையனைப் பிடித்துக்கொண்டது. நம்மில் பலருக்கு இசை காதில் விழுந்தால் பாட்டு எது, ராகம் எது என்று மனம் ஓடும். அவருக்கோ இந்த ஓசை எப்படி உண்டாகிறது, இன்னும் தெளிவாக எப்படி ஆக்குவது என்றே மனம் ஓடியது.

பியானோவும் சாக்ஸபோனும் சிறிது கற்றார். கிதார் கற்கவில்லை. கல்லூரியில் எடுத்துக்கொண்ட பாடம் கணக்கியல். மின்னியலை எந்த வகுப்பிலும் உட்கார்ந்து படித்தவரல்லர். தாமே பிரித்துப் பார்த்து, தாமே பூட்டிப் பார்த்துக் கற்றவர். ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதினார். 1934இல் எஸ்தர் என்பவரை மணந்தார். பிறகு அரசு நெடுஞ்சாலைத் துறையிலும், அதன் பிறகு டயர் கம்பெனி ஒன்றிலும் கணக்கர் வேலை. பொருளாதார மந்தம் அமெரிக்காவையே உலுக்கிய காலம். இரண்டு வேலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. 1938இல் அறுநூறு டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டனில் ஒரு ரேடியோ பழுது பார்க்கும் கடை திறந்தார். பரீட்சை தேறியும் வேலை கிடைக்காது போகுமோ என்று விடுதி மொட்டை மாடியில் நின்று கலங்கும் நண்பர்கள் இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். வேலை இரண்டும் போகாமல் இருந்தால், உலகத்துக்கு ஒரு நல்ல கணக்கர் மட்டுமே மிஞ்சியிருப்பார்.

கேட்கத் தெரிந்தவர்

கடைக்கு ரேடியோக்களோடு, இசைவாணர்களின் ஒலிபெருக்கிகளும் பழுதுக்கு வந்தன. மின்சாரக் கிதார்களும் வந்தன. பழுதோடு குறைகளும் வந்தன. ஃபெண்டர் அந்தக் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டார். அன்றைய கிதார்கள் உள்ளே குடைந்த பெட்டிகள். அவற்றை மின்சாரத்தால் ஒலி பெருக்கினால், ஒலிபெருக்கியின் ஓசை திரும்பி வந்து பெட்டியை அதிரச் செய்து ஊளையிட வைக்கும். டாக் காஃப்மன் என்ற நண்பருடன் சேர்ந்து, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளை ஒரு கெட்டியான மரத்துண்டில் பொருத்திப் பார்த்தார். ஊளை அடங்கியது. ஊரில் இருந்த வாத்தியக்காரர்கள் அதை வாடகைக்குக் கேட்டு வாங்கிப் போனார்கள். 1945இல் இருவரும் ஒரு கம்பெனி தொடங்கினர். அடுத்த ஆண்டே காஃப்மன் விலகிக்கொள்ள, ஃபெண்டர் தம் பெயரிலேயே தொழிலை நடத்தினார்.

ஜார்ஜ் ஃபுல்லர்டன் என்ற இளைஞர் 1948இல் துணைக்கு வந்து சேர்ந்தார். 1950இல் கெட்டி மரக் கிதார் விற்பனைக்கு வந்தது. இரண்டு காந்தச் சுருள்கள் கொண்டதற்கு பிராட்காஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். கிரெட்ச் என்ற கம்பெனி அதே ஓசையுள்ள பெயரில் முரசுகள் விற்றுவந்ததால் அது ஆட்சேபித்தது. 1951இல் பெயர் டெலிகாஸ்டர் என்று மாறியது. மாறிய பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

இங்கேதான் நம் பிருடைக் கதை தொடங்குகிறது. வழக்கமான கிதாரில் தலைப்பக்கத்தில் பக்கத்துக்கு மூன்றாகப் பிருடைகள் இருக்கும். தந்தி, தண்டின் முனையில் உள்ள தாங்கியைத் தாண்டியதும் பக்கவாட்டில் வளைந்து போக வேண்டும். வளையும் இடத்தில் உராய்வு. உராய்வு உள்ள இடத்தில் தந்தி சிக்கும். சிக்கிய தந்தி சுருதி பிசகும். ஃபெண்டர் ஆறு பிருடைகளையும் ஒரே வரிசையில் ஒரே பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு தந்தியும் தாங்கியிலிருந்து நேர்கோடாகத் தன் பிருடைக்குப் போயிற்று. இந்த யோசனை அவருக்கு முன்பே இருந்ததுதான். வியன்னாவில் ஸ்டாஃபர் என்பவர் 19ஆம் நூற்றாண்டிலேயே அப்படிச் செய்திருக்கிறார். கலிபோர்னியாவிலேயே பால் பிக்ஸ்பி 1948இல் மெர்ல் டிராவிஸ் என்ற கலைஞருக்குச் செய்து கொடுத்தார். ஆனால் ஆயிரக்கணக்கானவர் கைக்கு அதைக் கொண்டு சேர்த்தவர் ஃபெண்டர்.

பிருடைகளைச் சிகாகோவின் க்ளூசன் கம்பெனியிடம் வாங்கினார். அவற்றில் பிருடைத் தண்டின் தலையில் ஒரு பிளவும், நடுவில் ஒரு குழியும் உண்டு. தந்தியின் நுனியை வெட்டிக் குழிக்குள் இறக்கி, பிளவு வழியே வளைத்துச் சுற்றிவிட்டால், கையைக் குத்தும் கம்பி முனை வெளியே நீட்டிக்கொண்டிராது. மேடையில் அறுந்த தந்தியை மாற்றுவதும் சுலபம். வாசிக்கத் தெரியாத மனிதர், வாசிப்பவரின் விரலுக்காக எவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார் பாருங்கள்!

அதே 1951இல் மெட்டுகள் உள்ள மின்சார பேஸ் கிதாரை அவர் வெளியிட்டார். அதுவரை பேஸ் என்றால் ஆள் உயரப் பெட்டி, மெட்டுகள் இல்லாத தண்டு. விரல் சிறிது தள்ளிப் பட்டாலும் சுரம் தப்பும். மெட்டு இருந்தால் சுரம் துல்லியமாக விழும். ஆகையால் அதற்குத் துல்லியம் என்ற பொருளிலேயே பிரிசிஷன் என்று பெயரிட்டார்.

குறை சொன்னவரே குரு

டெலிகாஸ்டரிலும் குறை இருந்தது. அதன் குதிரையில் மூன்று தாங்கிகளே இருந்தன. இரண்டு தந்திகளுக்கு ஒன்று. வெறும் தந்தியில் சுருதி சரியாக இருந்தாலும், மேல் மெட்டுகளில் விரல் வைத்தால் சற்றே பிசகும். தடித்த தந்திக்கும் மெல்லிய தந்திக்கும் நீளத்தில் வெவ்வேறு சிறு திருத்தம் தேவை. ஒன்றுக்குச் சரிசெய்தால் ஜோடியான மற்றது கெடும். பில் கார்சன் போன்ற வாத்தியக்காரர்கள் இதை விடாமல் சொன்னார்கள். உடலின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்றும் குறை வந்தது. வேறொரு முதலாளியாக இருந்தால், இத்தனை பேர் வாங்குகிறார்களே, உமக்கு மட்டும் என்ன என்று கேட்டிருப்பார். ஃபெண்டர் புதிய கிதாரே செய்தார். 1953இல் வந்து சேர்ந்த ஃப்ரெடி டவாரெஸ் என்ற இசைக்கலைஞர் வரைபடத்துக்கு உதவினார். 1954இல் வெளிவந்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர். அதில் ஆறு தந்திகளுக்கும் ஆறு தனித் தாங்கிகள். விளிம்புகளை உடம்புக்கு இசைவாக இழைத்திருந்தார்கள்.

அதன் விசேஷம், குதிரையையே அசைக்கும் கைப்பிடி. அழுத்தினால் எல்லாத் தந்திகளும் ஒன்றாகத் தளர்ந்து சுரம் அசையும். விட்டால் பழைய நிலைக்கு வர வேண்டும். இந்த ‘வர வேண்டும்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாதாரணத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. பின்புறத்தில் ஐந்து ஸ்பிரிங்குகள் வரை அதை எதிர்த்து இழுக்கின்றன. இரண்டும் தராசுத் தட்டுகள்போல் நிற்கும் இடமே சுருதி. முதலில் செய்து முடித்த அமைப்பில் நாதம் நிற்கவில்லை என்று தெரிந்ததும், செலவைப் பாராமல் அதை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்கினார். நாம் ஒரு பக்கக் கட்டுரையைத் திருப்பி எழுதச் சொன்னாலே முகம் சுளிக்கிறோம்.

ஜிமி ஹென்றிக்ஸ் 1969இல் உட்ஸ்டாக் விழாவில் வாசித்தது ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர்தான். வலக்கைக் கிதாரைத் தலைகீழாகத் திருப்பி இடக்கையால் வாசித்தவர் அவர்.

விற்றதும் திரும்பியதும்

உயர்ந்த வாழ்வில் ஒரு வீழ்ச்சியும் உண்டு. 1950களில் தொற்றிய ஒரு நோய் ஃபெண்டரின் உடலை நெடுநாள் அரித்தது. தாம் அதிக நாள் இருக்கப் போவதில்லை என்று எண்ணிக் கம்பெனியை விற்க முடிவு செய்தார். 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் அதை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. விதியின் விளையாட்டைப் பாருங்கள். விற்ற சிறிது காலத்தில் வேறொரு மருத்துவரிடம் போனார், நோய் குணமாயிற்று! பணம் இருந்தது, ஆரோக்கியம் இருந்தது. தம் பெயர் மட்டும் தம்மிடம் இல்லை. அவர் பெயர் பொறித்த கிதார்களை வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள். தரம் குறைந்துவிட்டது என்று வாத்தியக்காரர்கள் முணுமுணுத்ததும் அவர் காதுக்கு எட்டாமல் இருந்திருக்காது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறர் தந்த ஒரு கிதாரை விற்பதற்கே என் மனம் இவ்வளவு வலிக்கிறதே, தாமே உண்டாக்கியதை விற்றவருக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனால் அவர் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. ஒப்பந்தம் விதித்த காலம் கழிந்ததும் மியூசிக் மேன் என்ற கம்பெனியின் தலைவரானார். 1976இல் அவர்கள் வெளியிட்ட ஸ்டிங்ரே பேஸில் பிருடைகள் நான்கையும் ஒரே வரிசையில் வைக்காமல், மூன்றை ஒரு பக்கமும் ஒன்றை மறுபக்கமும் வைத்தார்கள். ஒரே வரிசை என்ற தம் பழைய வெற்றியையே கட்டிக்கொண்டு அழுகிறவர் அல்லர் அவர். 1979இல் எஸ்தர் அம்மையார் காலமானார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் சேர்ந்து ஜி அண்டு எல் என்ற கம்பெனியைத் தொடங்கினார். எழுபது வயதில் புதிய கம்பெனி! அங்கும் குதிரை அசைந்தால் சுருதி திரும்பி வருவது எப்படி என்ற பழைய கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆறு திருகாணிகளுக்குப் பதிலாக இரண்டே முனைகளில் ஆடும் குதிரையைச் செய்தார். ஆடும் முனைகள் குறைந்தால் உராய்வும் குறையும். நடுக்கு வாதம் உடலைப் பற்றிய பிறகும் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21ஆம் தேதி காலமானார். அதற்கு முந்திய நாளும் அவர் வேலைக்குப் போயிருந்ததாகச் சொல்கிறார்கள்.

மீண்டும் நம் கிதார்

வாழ்நாளெல்லாம் ஃபெண்டர் செய்தது ஒன்றுதான். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டார். நான் செய்யாததும் அது ஒன்றுதான். வெட்கத்தை விட்டு, வீணைச் சகோதரியிடம் போனேன். பொங்கலுக்குப் பிறகு அவர் முகத்தில் விழிக்கவே கூசிக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. கிதாரை வாங்கித் தந்தியைத் தட்டிப் பார்த்து, பிருடையை மெல்லத் திருகி, அந்தச் சிறு ‘டிக்’ ஓசை எங்கே எழுகிறது என்று கவனித்தார். ஓசை பிருடையில் இல்லை. தண்டு முனையில் உள்ள தாங்கியின் வெட்டில் இருந்தது. தந்தி அங்கே சிக்கிக்கொண்டு, இழுவை மிகும்போது சட்டென்று தாவுகிறது. வீணையின் மரப் பிருடை வழுக்கினால் சுண்ணக்கட்டி தடவிப் பிடிக்கச் செய்வோம். உங்கள் வாத்தியத்தில் பிடிப்பதை வழுக்கச் செய்ய வேண்டும் என்றார். ஊர்க்கடைத் தெருவில் வாத்தியம் பழுது பார்க்கும் பெரியவரும் அதையே சொன்னார். வெட்டை மெல்லிய அரத்தால் சற்றே அகலமாக்கி, பென்சில் கரியைப் பொடித்துத் தடவினார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அவர்கள் இருவரிடமும் கற்றதை இங்கே குறித்துவைக்கிறேன். பின்னால் வரும் மாணவருக்குப் பயன்படும். கிதார் பிருடைக்குள் திருகுபோல் புரி வெட்டிய ஓர் அச்சும், அதோடு கவ்விச் சுழலும் பற்சக்கரமும் இருக்கின்றன. பதினாலுக்கு ஒன்று என்றால், கைப்பிடி பதினான்கு முறை சுற்றினால் தண்டு ஒரு முறை சுற்றும். பதினெட்டுக்கு ஒன்று இன்னும் நுட்பமானது. தந்தி எவ்வளவு இழுத்தாலும் சக்கரம் அச்சைத் திருப்பிச் சுழற்ற முடியாது. ஆகவே பல் தேய்ந்து ஆடாதவரை பிருடை தானாகத் தளர்வது அரிது. பற்களுக்கிடையே சிறிது இடைவெளி எப்போதும் உண்டு. அதனால் சுரத்தைக் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்த வேண்டும். தாண்டிப் போனால் நன்றாகக் கீழிறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். புதுத் தந்தியை மாட்டியதும் கையால் மெல்ல இழுத்துவிட்டுப் பலமுறை சுருதி சேர்த்தால்தான் சுற்றுகள் இறுகும். மெல்லிய தந்திக்கு இரண்டு மூன்று சுற்று போதும். ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. அசையும் குதிரை உள்ள கிதாரில் ஒரு தந்தியை ஏற்றினால் மற்றவை சற்று இறங்கும். ஆகையால் ஆறையும் மூன்று நான்கு முறை சுற்றி வர வேண்டும். கதகதப்பான அறையிலிருந்து குளிருக்குக் கொண்டுபோனால், எஃகுத் தந்தி மரத்துக்கு முன் குளிர்ந்து சுருங்கிச் சுருதி ஏறும். பொங்கலன்று எனக்கு நேர்ந்த முதல் விபத்து அதுவே. வாசிக்கும் இடத்தில் வாத்தியத்தை அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும்.

புதிய பிருடை வாங்கவே வேண்டாமா என்றால், பல் ஆடினால் வாங்கத்தான் வேண்டும். அப்போதும் விலையைப் பார்க்குமுன் தலைப்பக்கத்துத் துளையின் அளவையும், திருகாணித் துளைகளின் இடத்தையும் அளந்துகொள்ள வேண்டும். பொருந்தாத உயர்ந்த பிருடைக்காக மரத்தைக் குடைவது, செருப்புக்காகக் காலை வெட்டுவதற்கு ஒப்பாகும். தந்தியைத் தண்டுக்குள்ளேயே இறுக்கிப் பூட்டும் வகையும் இப்போது கிடைக்கிறது. சுற்று நழுவும் தொல்லை அதில் இல்லை. ஆனால் தாங்கியில் சிக்கும் தந்தியை எந்தப் பூட்டும் குணப்படுத்தாது.

சித்திரைப் பிறப்பன்று அதே மேடையில், அதே பழைய பிருடைகளுடன் வாசித்தேன். மூன்று பாட்டு முடியும்வரை கிதார் வீணையோடு நின்றது. முன்பு காதைப் பொத்திய முதலாண்டு மாணவர் இம்முறை கையை மடியில் வைத்திருந்தார். எனக்கு அதுவே பெரிய விருது. கிதாரை விற்கும் தீர்மானம் கைவிடப்பட்டது. சேர்த்த தேநீர்க் காசில் இரண்டு தொகுதித் தந்திகள் வாங்கிச் சங்கத்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

தெரியாமல் இருப்பது இழுக்கன்று என்பதை ஃபெண்டரின் வாழ்க்கை எனக்குக் காட்டியது. ஒரு கண்ணோடு, கணக்கர் படிப்போடு, சுருதி சேர்க்கத் தெரியாத காதோடு அவர் உலகத்தின் கிதார்களுக்குச் சுருதி நிற்கச் செய்தார். அவரிடம் இருந்தது கேட்கும் பொறுமை. நண்பர்களே, அலமாரியில் கிதார் இருக்கிறது. கற்க விரும்புகிறவர்கள் வாருங்கள். நான் அறிந்ததைச் சொல்கிறேன். அறியாததைச் சேர்ந்தே போய்க் கேட்போம்.